வசவு என்னும் வைரஸ்

இரண்டாயிரங்களின் நடுவில் திண்டுக்கல்லில் ஒரு பெண் கையில் லேப்டாப் இருந்தால், அது அவள் வீட்டுக்காரருடையது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். என்னுடையது என்னுடையதுதான். பெங்களூரில் வேலை பார்த்த என் தம்பி, புதிது வாங்கியதும் பழையதை என்னிடம் கொடுத்தான். தூக்கினால் தோள்பட்டை இறங்கிவிடும். பேட்டரி எப்போதோ செத்துப்போனதால் கரண்ட் போனால் அதுவும் போய்விடும். ஆனாலும் அதில்தான் என் முனைவர் பட்ட ஆய்வேட்டை அடித்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வு வசவுகளைப் பற்றியது. குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் வேலை செய்யும் பெண்கள் யாரை, எதை, எப்படி வைகிறார்கள் என்பது. வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திவிட்டு, சனிக்கிழமை பஸ் ஏறிப் போய்க் கடலைக் காட்டில் களையெடுப்பவர்களோடு உட்கார்ந்துவிடுவேன். டேப் ரிக்கார்டரை எடுத்தால் போதும், அத்தனை பேரும் பூசையில் உட்கார்ந்திருப்பதைப் போல அடக்கமாகிவிடுவார்கள். அதனால் காதால் வாங்கிக்கொண்டு வந்து, மறக்குமுன் வீட்டில் நேராக லேப்டாப்பில் அடித்துவிடுவேன். வேறு எங்கேயும் அது இல்லை. முதல் இரண்டு இயல்களைப் பிரிண்ட் எடுத்து நெறியாளரிடம் கொடுத்திருந்தேன். மூன்றாவதுதான் ஆய்வின் உயிர், வசவுகள் மொத்தமும் அதில்தான் இருந்தன. பல்கலைக்கழகம் கடைசித் தடவையாக நாள் நீட்டித்துக் கொடுத்திருந்தது. அதற்குள் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து.

என் கணவர் வீட்டில் இந்தத் தலைப்பு யாருக்கும் பிடிக்கவில்லை. “நல்ல குடும்பத்துப் பொம்பளைக்குக் கெட்ட வார்த்தையிலயா பட்டம் குடுப்பாங்க?” என்று நாத்தனார் கேட்டார். கோயிலில் யாராவது விசாரித்தால் என் கணவர், “ஏதோ கிராமிய இலக்கியம்” என்று சொல்லிப் பேச்சை மாற்றுவார். ஊர் முழுக்க வாயில் வைத்திருக்கிற சொற்களை நான் தாளில் வைத்தால் மட்டும் இவர்கள் மானம் போகிறது. அன்றைக்கே எரிச்சலாக இருந்தது, இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

மூன்றாவது இயல் வளர வளர லேப்டாப் படுத்துவிட்டது. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போவதற்குள் உலை வைத்துவிட்டு வரலாம். ஹார்ட் டிஸ்க்கிலும் இடமில்லை. தம்பியிடம் போனில் கேட்டபோது, ராம் என்கிற மெமரியைக் கூட்டி, பெரிய ஹார்ட் டிஸ்க்காகப் போட்டுவிட்டால் இன்னும் சில வருஷம் ஓடும் என்றான். நாகல் நகரில் ஒரு ஃபேன்சி ஸ்டோருக்கு மேலே மாடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை இருந்தது. என் கணவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, மடியில் பிள்ளையைப் போல அதை வைத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் என் மடியிலிருந்த பெட்டியை வாங்கினார், முகத்தை என் கணவர் பக்கம் திருப்பினார்.

“சார், ஹார்ட் டிஸ்க் எம்புட்டு ஜி.பி. போடணும்?”

“எண்பது,” என்றேன் நான்.

“எண்பது போதுமா சார்?”

என் கணவர் பள்ளிக்கூடத்தில் வணிகவியல் நடத்துபவர். கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்தது அதை எந்தப் பொத்தானை அமுக்கினால் எழுப்பலாம் என்பது மட்டும். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “போதும்,” என்றார். ராம் கதையும் இதேதான். நான் சொன்னதை அவர் வாயால் மறுபடி கேட்ட பிறகுதான் கடைக்காரர் மனசு ஆறியது. உள்ளே இருக்கிற எதுவும் அழியக்கூடாது, அப்படியே புதியதில் ஏற்ற வேண்டும் என்று நான் மூன்று முறை சொன்னேன். “அதெல்லாம் பத்திரமா ஏத்திருவோம் சார்,” என்று அவருக்குப் பதில் வந்தது.

சந்தேகம் இருந்தால் கேட்பதற்கு எங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணை நான்தான் கொடுத்தேன். ரசீதில் அதற்கு மேல் எழுதப்பட்ட பெயர் என் கணவருடையது.

அந்த வாரக் கடைசியில் லேப்டாப் வீடு வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், பறந்தது. பொத்தானை அமுக்கிய கொஞ்ச நேரத்தில் திரை விரிந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணப் போட்டோக்கள் இருந்தன. கோயில் பாட்டுகள் இருந்தன. என் கணவருக்காக நான் இங்கிலீஷில் அடித்துக் கொடுத்திருந்த வணிகவியல் கேள்வித்தாள்கள் ஒன்றுவிடாமல் இருந்தன. நான் தமிழில் அடித்தது ஒன்றுகூட இல்லை.

மறுநாள் தனியாக ஆட்டோவில் போனேன். அன்று பேச வேறு ஆள் இல்லாததால் கடைக்காரர் என்னிடம் பேசினார்.

“மேடம், அது எல்லாம் வைரஸ். தொறந்து பாத்தேன், ஒரே கிறுக்கலா இருந்துச்சு.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் தமிழை இங்கிலீஷ் எழுத்துகளின் மேல் முகமூடி மாட்டித்தான் அடித்தோம். அந்த எழுத்துரு இருக்கிற கம்ப்யூட்டரில் மட்டும் அது தமிழ். இல்லாத கம்ப்யூட்டரில் ‘அம்மா’ என்பது எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச் என்று நிற்கும். இவர் என் கோப்பைத் தன் கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறார், அதில் தமிழ் எழுத்துரு இல்லை. திண்டுக்கல் ஊருக்குள், தமிழ் பேசிப் பிழைக்கிற ஒரு மனிதர், தமிழைப் பார்த்து வைரஸ் என்று பயந்திருக்கிறார்.

“அதுக்கு மேல ஃபோல்டருக்குப் பேரே ‘வசவு’ன்னு இங்கிலீஷ்ல இருந்துச்சு மேடம். எவனோ திட்டி அனுப்புன வைரஸ்தான்னு நெனச்சேன். ஏத்துனா என் மெஷினும் போயிரும்ல.”

“என்னைக் கேக்க வேண்டாமா?”

“கேட்டேனே மேடம். வீட்டுக்குப் போன் போட்டேன். வசவுன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, உள்ள பூரா கிறுக்கல், என்ன செய்யன்னு கேட்டேன். சார்தான் விட்ருங்கன்னாரு.”

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டேன். கழற்றிய சாமான் கடைக்கு என்பது அங்கே எழுதாத சட்டம். அதைத் துடைத்து, நத்தத்து மாங்காய் மண்டிக்காரர் ஒருவரின் லேப்டாப்பில் மாட்டிக் கொடுத்தாகிவிட்டது. என் கடலைக் காட்டுப் பெண்கள் வைத வசவுகளின் மேல் மாங்காய்க் கணக்கு ஏறியிருந்தது.

அந்தப் போன் வந்தது எனக்கு நினைவிருக்கிறது. நான் அடுப்படியில் வெஞ்சனத்துக்கு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கூடத்தில் எடுத்தார். “ம், ம், விட்ருங்க” என்றது காதில் விழுந்தது. யார் என்று கேட்டேன். “கடையில இருந்துதான், ஒண்ணுமில்ல,” என்றார்.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். “வசவுன்னு அவர் சொன்னப்பக்கூடவா அது என் ஆய்வுன்னு தோணல?”

“கிறுக்கலா இருக்குன்னாரு. நான் என்னத்தக் கண்டேன்?”

“பத்தடி தூரத்துல அடுப்படில இருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“நீ வேலையா இருந்த,” என்றார். பிறகு, “அதான் நீயே எழுதுனதுதான, செத்த நேரம் உக்காந்தா திரும்ப அடிச்சிரலாம்,” என்றார்.

அவர் தெரிந்தே செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமல் செய்திருந்தால் இத்தனை வருஷமாக என் படிப்பு அவர் காதில் விழவே இல்லை என்று அர்த்தம். தெரிந்து செய்திருந்தால் சொல்லவே வேண்டாம். இரண்டில் எது மேல் என்று யோசித்து யோசித்து எனக்கு வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

மறுபடி உட்கார்ந்தேன். வேகமான லேப்டாப், காலியான பக்கம். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு காட்டுக்காரி ஒருத்தியின் குரல் வந்தது. அவள் தன் வெள்ளாட்டை வைதுகொண்டே களையெடுப்பாள். “நீ கழிச்சல்ல போக, உன் வாயில மண்ணு விழ, தின்னுபுட்டுத் தின்னுபுட்டுப் படுத்துக் கெடக்கியே.” ஆடு பாட்டுக்கு மேயும். வரப்பில் படுத்திருக்கும் அவள் வீட்டுக்காரர் எழுந்து துண்டை உதறுவார். அங்கே எந்தப் பெண்ணும் கட்டியவனை நேராக வைவதில்லை. ஆட்டை வைவாள், மாட்டை வைவாள், மழை பெய்யாத மேகத்தை வைவாள், விழ வேண்டிய காதில் அது விழும். ‘வாழ்க’ என்று வாழ்த்துகிற அதே வியங்கோளில்தான் ‘போக’, ‘விழ’ என்று வைகிறார்கள் என்பதுதான் அந்த இயலின் கண்டுபிடிப்பு.

ஒன்று வந்ததும் அடுத்தது வந்தது. வருகிற வசவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத்தான் அடித்தேன், சொன்னால்தான் அதன் மிச்சம் நினைவுக்கு வந்தது. கட்டையில போக, வெளங்காமப் போக, உன் தலையில இடி விழ. திரையைப் பார்த்துக்கொண்டு அடுக்கினேன். குரல் ஏறிக்கொண்டே போனது எனக்கே தெரிந்தது.

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் எட்டிப் பார்த்தார். “நல்லாத்தான ஓடுது? லேப்டாப்ப எதுக்கு இம்புட்டு வையுற?”

நான் அடிப்பதை நிறுத்தினேன்.

“லேப்டாப்ப வையலைங்க,” என்றேன். “உங்களத்தான்.”