இடது பக்கமாகவே சுற்றியவன்

சாயங்காலம் சித்திரை வீதியைச் சுற்றிவரும் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் என்னைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்வார்கள். புகழினால் அல்ல. வீதி முனையில் எல்லோரும் ஒழுங்காக வலப்பக்கம் திரும்பும்போது என் இடது கால் மட்டும் தன்னிச்சையாக வெளியே போய்த் தரையை ஒரு தேய் தேய்த்துவிட்டு வரும். அதனால் என் இடது செருப்பு எப்போதும் கிழவனாகவும் வலது செருப்பு மாப்பிள்ளையாகவும் இருக்கும். “மலைக்கோட்டைப் பக்கம் ஒத்தச் செருப்பு விக்கற கடை இருக்கான்னு பாருங்கோ” என்பாள் என் மனைவி.

மண் டிராக்கில் பைக் ரேஸ் ஓட்டியவர்களுக்கு வரும் வியாதி இது. முட்டை வடிவத்தில் ஒரு மண் பாதை. அதில் இடது பக்கமாகவே சுற்றிக்கொண்டிருப்போம். திருப்பத்தில் வண்டியை இடப்பக்கம் சாய்த்து, பின்சக்கரத்தை வழுக்கவிட்டு, இடது காலைத் தரையில் இழுத்துக்கொண்டே போகவேண்டும். அதற்காக இடது ஷூவின் அடியில் ஓர் இரும்புத் தகடு. எனக்கு அதை அடித்துத் தந்தவர், என் வண்டியையும் பார்த்துக்கொண்ட அரியமங்கலத்து லேத் பட்டறைக்காரர். நடந்தால் ஒற்றைக் காலில் லாடம் அடித்த குதிரை மாதிரி சத்தம் வரும். குதிரையின் வேகமும் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். காலையில் பெருமாளைச் சேவித்து, பிரதட்சிணம் முடித்து, அதன் பிறகுதான் காபி. மகன் விழுந்து கையை காலை ஒடித்துக்கொள்வான் என்ற கவலை எல்லா அப்பாக்களையும் போல அவருக்கும் இருந்திருக்கலாம். ஆனால் அவருடைய ஆட்சேபணை வேறு. நான் முதல் கோப்பையோடு வீட்டுக்குள் நுழைந்த அன்று அம்மாவிடம் சொன்னார்: “பெருமாளைப் பிரதட்சிணமா சுத்தற ஊர்ல பொறந்துட்டு, அப்பிரதட்சிணமா சுத்தி, அதுக்குக் கப் வேற வாங்கிண்டு வந்திருக்கான்.”

அம்மா கோப்பையைக் கழுவித் துடைத்து அதில் கடுகு போட்டு வைத்தாள்.

சென்னையில் உறவுக்காரர் ஒருவரின் கம்பெனியில் எனக்கு ஒரு கணக்கர் வேலை காத்திருந்தது. அப்பா நியாயமான மனிதர். நேரில் ஒரு தரம் வந்து பார்ப்பதாகவும், பார்த்தபின் ஓட்டலாம் என்று அவருக்குத் தோன்றினால் ஓட்டலாம், இல்லையென்றால் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பவேண்டும் என்றும் சொல்லிவிட்டார். ஆனால் அப்பிரதட்சிணமாகச் சுற்றுகிற இடத்துக்கு அவர் வரமாட்டார். எல்லா ரேசும் அப்படித்தான் சுற்றும். ஆகவே அந்தத் தீர்ப்பு நாள் வரவே வராது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

வந்தது, உப்பிலியபுரம் பக்கத்திலிருந்து. அங்கே ஒரு கிராமத்துப் பொட்டலில் ரேஸ் நடத்த இடம் கேட்டிருந்தோம். பொட்டலின் நடுவில் ஒரு வேப்பமரம், அதனடியில் கருப்பு சாமி. ஊர்ப் பெரியவர் மரியாதையாகத்தான் சொன்னார்: “சாமிய எடப்பக்கமா சுத்துனா ஊருக்கு ஆகாதுங்க. வலமா சுத்தறதா இருந்தா சுத்துங்க. இல்லன்னா வண்டிய ஏத்திட்டுக் கெளம்புங்க.”

வேறு இடம் கிடைக்கவில்லை. ஒத்துக்கொண்டோம். வீட்டில் சாப்பிடும்போது வாய் சும்மா இருக்காமல் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லித் தொலைத்தேன். அப்பா ரசம் சாதத்திலிருந்து நிமிர்ந்தார்.

“பிரதட்சிணமாவா? அப்போ நான் வரேன்.”

“அது கருப்பு சாமிப்பா.”

“யாரா இருந்தா என்ன? பிரதட்சிணம் பிரதட்சிணம்தான்.”

பட்டறைக்காரரிடம் போய்ப் புலம்பினேன். அவர் சிரித்தார். “தம்பி, நீங்க ஸ்ரீரங்கத்துக்காரரு. பொறந்ததுலேருந்து வலமாத்தானே சுத்திருக்கீங்க? கஷ்டம் மத்தவங்களுக்குத்தான்” என்று சொல்லி, வலது ஷூவுக்கும் ஒரு தகடு அடித்துக் கொடுத்தார். எனக்கு அது வேதவாக்காகப் பட்டது. அன்றிலிருந்து வீதிகளைச் சுற்றும்போதெல்லாம் பயிற்சி எடுப்பதாகவே நினைத்துக்கொண்டேன். உலகத்தில் பிரசாதம் தின்றுகொண்டே ரேசுக்குத் தயாரானவன் நானாகத்தான் இருப்பேன்.

ரேஸ் தொடங்கியது. முதல் திருப்பம். மனசு வலப்பக்கம் என்றது, கை வலப்பக்கம் என்றது, இடது கால் மட்டும் பழைய ஞாபகத்தில் வெளியே நீண்டது. வண்டி திரும்பவே இல்லை. நேராகப் போய், ஓரத்தில் காயப் போட்டிருந்த கடலைக்கொடிக் குவியலுக்குள் நுழைந்தேன். எழுந்து வந்து அடுத்த திருப்பத்தில் வேப்பமரத்துக்கு எதிரே குப்புற விழுந்தேன். “ஸ்ரீரங்கத்து அண்ணன் சாமி கும்புடுறாரு” என்று மைக்கில் ஒருவர் அறிவித்தார். மற்றவர்களும் சளைக்கவில்லை. வலது காலைத் தரைக்கு இறக்கினால் பிரேக்கை மிதிக்கக் கால் கிடையாது. பிரபல ஓட்டக்காரர்கள் எல்லாம் மூட்டை மூட்டையாகச் சரிந்தார்கள். ஜெயித்தது, சும்மா பேர் கொடுத்திருந்த உள்ளூர்ப் பால்காரர். எந்தப் பக்கப் பழக்கமும் இல்லாததால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கறவைக்குப் போகிற வேகத்தில் சுற்றி முடித்துவிட்டார். நான் கடைசி.

அப்பா வேப்பமரத்து நிழலில் குடையை ஊன்றி நின்றிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குச் சென்னைப் பெட்டியின் பூட்டு தெரிந்தது.

எங்கள் மூஞ்சிகளைப் பார்த்து ஊர்ப் பெரியவருக்கே பாவமாகிவிட்டது. பாதைக்கு அந்தப் பக்கம் கடலை பிடுங்கிய வயலைக் காட்டினார். “அது நம்ம வயலுதாங்க. நடுவுல ஒண்ணும் இல்ல. ஒங்க இஷ்டத்துக்கு சுத்திக்குங்க.”

பரிசும் இல்லை, மைக்கும் இல்லை. மானம் போனவர்களாக வயலில் இறங்கினோம், இடது பக்கமாக. நான் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக ஓட்டியது அந்த வயலில்தான். மண் ஈரப்பதமாக, சொன்னதைக் கேட்டது. பின்சக்கரம் வழுக்கிப் போய் நின்ற இடம் ஒவ்வொன்றும் நான் நினைத்த இடம். ரேஸ் எண்ணெயில் விளக்கெண்ணெய் கருகும் வாசனை இருக்கும். இன்றைக்கும் யாராவது அடுப்படியில் எண்ணெயைத் தீயவிட்டால் எனக்கு அந்த வயல்தான் வரும். என் மனைவிக்குக் கோபம்தான் வரும்.

ஒவ்வொரு சுற்றிலும் அப்பாவைப் பார்த்தேன். முதலில் அவர் பச்சைமலையைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். அடுத்து பாதி திரும்பியிருந்தார். பிறகு வரப்பில் இறங்கியிருந்தார். கடைசியில் தோள் துண்டு கீழே கிடந்ததுகூடத் தெரியாமல், நான் சாயும் பக்கமே தானும் சாய்ந்துகொண்டிருந்தார்.

திரும்பும் பஸ் துறையூரைத் தாண்டியதும் அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

“அந்த வயல்ல சாமி ஒண்ணும் இல்லையே?”

“இல்லைப்பா.”

“நடுவுல?”

“ஒண்ணும் இல்லை.”

கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். “அப்போ சரி” என்றார்.

அவ்வளவுதான் உத்தரவு. அதை வைத்துக்கொண்டு முட்டி ஒத்துழைத்தவரை ஓட்டினேன். அப்பா மறுபடி பார்க்க வரவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் நான் ஷூவை எடுக்கும்போது, “நடுவுல யாரும் இல்லையே?” என்று கேட்பார். தண்ணி லாரி நிற்கும் என்பேன், டிராக்டர் என்பேன். ஒருமுறை ஆடு கட்டியிருக்கிறது என்றேன். யோசித்துவிட்டு, ஆடானால் பரவாயில்லை என்றார். இதுதான் கடைசி ரேஸ் என்று நான் சொன்ன அன்றும், சாய்வு நாற்காலியிலிருந்து அதே கேள்விதான் வந்தது.

இப்போது அப்பா இல்லை. ஷூவின் தகடு மட்டும் எங்கள் வீட்டுக் கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் வீதி முனையில் இடது கால் வெளியே கிளம்பும்போது, நடுவில் பெருமாள் இருக்கிறார், பேசாமல் வா என்று அதட்டுகிறேன். அது கேட்டால்தானே.