படம் ஓடும்போது வானம் கேட்காது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போரால் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனபோது நான் கல்விக் கந்தோரின் கட்புல செவிப்புலப் பிரிவில் இருந்தேன். அதற்கு முன் விஞ்ஞானம் படிப்பித்தவள். பள்ளிக்கூடங்களுக்குப் படம் காட்டும் இயந்திரத்தை எப்போது அனுப்புவது, எந்தப் பாடத்துக்கு எந்தப் படச்சுருள், எந்த வழியால் போவது என்று திட்டம் போடுவதுதான் வேலை. செல் குண்டுகளுக்குப் பயந்து கந்தோர் நகரத்தை விட்டுப் பக்கத்துத் திருநெல்வேலியில் ஒரு வீட்டுக்கு மாறியிருந்தது. அந்த வீட்டின் படுக்கையறை ஒன்றுதான் எங்கள் பிரிவு. புரொஜெக்டரை இயக்கும் அண்ணை ஒருவரும் நானும் மட்டும்.

கந்தோருக்குப் பொறுப்பான பணிப்பாளர் எங்கேயோ அலைந்து ஒரு சின்ன ஜெனரேட்டர் எடுத்துத் தந்தார். இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்தால் பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். அதையும் புரொஜெக்டரையும் லான்ட்மாஸ்ரர் என்ற சின்ன உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முதலில் போனோம். எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அண்ணை ஜெனரேட்டரைப் பரீட்சித்துப் பார்க்க ஓட விட்டார். பள்ளிக்கூட அதிபர் சற்று நேரம் பக்கத்தில் நின்றுவிட்டு என்னைத் தள்ளி அழைத்துப்போனார்.

"ரீச்சர், உது ஓடேக்கை பொம்பர் வந்தால் எங்களுக்குக் கேக்குமோ?"

நான் வானத்தைப் பார்த்தேன். ஜெனரேட்டரின் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. நான் செய்யப்போனது என்னவென்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மூன்று வகுப்புப் பிள்ளைகளை ஒரே மண்டபத்தில் நெருக்கி இருத்தி, சன்னல்களைச் சாத்தி இருட்டாக்கி, வெளியே குண்டுவீச்சு விமானம் வந்தாலும் கேட்காமல் செய்யப்போகிறேன்.

அன்றைக்குப் படம் காட்டவில்லை. ஜெனரேட்டரை மண்டபத்திலிருந்து வயரின் நீளம் விடுகிற அளவுக்குத் தள்ளி வைப்பது, மதிலுக்கு அப்பால் ஒழுங்கையில் ஓர் ஆசிரியர் நின்று வானத்தைக் கவனிப்பது, சத்தம் கேட்டால் அவர் கையை உயர்த்துவது, அதைப் பார்த்து அண்ணை ஜெனரேட்டரை நிறுத்துவது என்று அடுத்த கிழமை ஒரு முறை வகுத்தோம். திரை இருண்டால் பிள்ளைகள் எழும்பி வரிசையாகப் பங்கர் என்ற பதுங்குகுழிக்குப் போகவேண்டும். சில பள்ளிக்கூடங்களில் அப்படியே நடத்தினோம். பிள்ளைகள் திரையைப் பார்ப்பார்கள். நான் கதவோரம் நின்று ஒழுங்கையில் நிற்பவரின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் தலையைச் சொறிந்தாலும் நான் அண்ணையைத் திரும்பிப் பார்ப்பேன்.

பிறகு குருநகரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அன்றைக்குக் கிடைத்த மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது போலும். படம் பாதியில் ஓடும்போது ஜெனரேட்டர் இருமி, தானாக நின்றுவிட்டது. திரை இருண்டது. ஒன்றுமில்லை, இருங்கோ என்று நான் கத்தியது ஒருவருக்கும் கேட்கவில்லை. நாங்களே சொல்லிக்கொடுத்தபடி பிள்ளைகள் எழும்பினார்கள், ஆனால் வரிசையாக அல்ல. வாசல் படியில் ஒரு பெண்பிள்ளை விழ, மற்றவர்கள் அவளுக்கு மேலால் ஓடினார்கள். தூக்கியபோது அவளுடைய கை முழங்கைக்குக் கீழே வேறொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அண்ணை அவளைச் சைக்கிள் பாரில் இருத்திப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் பின்னால் இன்னொரு சைக்கிளில் போனேன். சந்தையில் மீன் விற்றுக்கொண்டிருந்த தாய்க்கு யாரோ சொல்லி அவரும் வந்து சேர்ந்தார். பொம்பர் வந்ததோ என்று கேட்டார். இல்லை, இயந்திரம் தானாக நின்றுபோனது என்றேன். அவர் மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"மனுசனைக் கடலுக்கு விட்டாலும் பயம், பிள்ளையைப் பள்ளிக்கூடம் விட்டாலும் பயம்" என்றார் கடைசியில். "நீங்கள் புதுசா ஒரு பயத்தைக் கொண்டு வராதேங்கோ."

அடுத்த நாள் பணிப்பாளரிடம் போய், இனி ஜெனரேட்டரைக் கொண்டுபோகமாட்டேன் என்று சொன்னேன். அவர் மறுக்கவில்லை. பிரிவை மூடுவதா என்று மட்டும் கேட்டார். நான் போய்ப் படச்சுருள்களை அலுமாரியில் அடுக்கினேன்.

ஒரு மாதம் போயிருக்கும். வட்டுக்கோட்டைப் பக்கத்து அதிபர் சைக்கிளில் கந்தோருக்கு வந்தார். சாதாரண தரப் பரீட்சை எடுக்கும் பிள்ளைகளுக்கு இதயம் படிப்பிக்க வேண்டும், கரும்பலகையில் கீறிக் கீறி ஆசிரியருக்கே அலுத்துவிட்டது என்றார். குருநகரில் நடந்ததைச் சொன்னேன். அவர் கேள்விப்பட்டிருந்தார். சத்தமில்லாத வழி ஒன்றைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் அலுமாரியில் ஒவ்வொரு படமாகக் காட்டும் பழைய புரொஜெக்டர் ஒன்று கிடந்தது. இதயம் பற்றிய படத்துண்டும் இருந்தது. விளக்குக்குத்தான் மின்சாரம் தேவை. விளக்குப் பெட்டியைக் கழற்றிவிட்டு, முற்றத்தில் வைத்த முகம் பார்க்கிற கண்ணாடியால் வெயிலைத் திருப்பி உள்ளே விட்டுப் பார்த்தோம். சுவரில் படம் விழுந்தது. நிறங்கூடத் தெரிந்தது. அண்ணை சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். ஆனால் அடுத்த நிமிடமே அவர் முகம் மாறிவிட்டது.

"முத்தத்திலை கண்ணாடி மின்னினால் ஹெலிக்காரன் என்னெண்டு நினைப்பான்?"

அதை நான் நினைத்திருக்கவில்லை. பிறகு இரண்டு நாள் வேறொன்றையும் நினைக்கவில்லை. முற்றத்தில் வைக்க முடியாது, விறாந்தை ஓரத்திலும் முடியாது. வெயில் வேண்டும், ஆனால் கண்ணாடி மேலே ஹெலிகொப்ரரில் இருப்பவனுக்குத் தெரியக்கூடாது. பள்ளிக்கூடத்துக்குப் போய் இதை அதிபரிடம் சொன்னபோது அவர் வகுப்பறைக் கூரையை அண்ணாந்து பார்த்தார். ஓட்டுக் கூரை. இரண்டு ஓடுகளைக் கழற்றினால் வெயில் தானாக உள்ளே வரும்தானே என்றார்.

அண்ணை கூரையில் ஏறி ஓடு கழற்றினார். வெயில் ஒரு தூண் மாதிரி அறைக்குள் இறங்கியது. அதன் அடியில் மேசையில் கண்ணாடி, அடுத்த மேசையில் புரொஜெக்டர். சன்னல்களுக்குப் பாய் கட்டினோம். கதவைச் சாத்தவில்லை, பழைய சேலை ஒன்றைத் தொங்கவிட்டோம். வெயில் சூட்டில் படத்துண்டு கருகிவிடுமோ என்ற பயத்தில் முதலில் படமில்லாத நுனியை வைத்துப் பார்த்தோம். கருகவில்லை.

பாடம் தொடங்கியது. சுவரில் சிவப்பும் நீலமுமாக இதயம் பெரிதாக விழுந்தது. இந்த முறை வெளியிலிருந்து எல்லாச் சத்தமும் கேட்டது. பக்கத்துத் தோட்டத்தில் யாரோ தண்ணீர் இறைக்கும் சத்தம், ஒழுங்கையில் சைக்கிள் மணி. கேட்கிறது என்பதே எனக்கு ஓர் ஆறுதல். மேகம் மறைத்தால் படம் மெல்ல மங்கும், பிறகு மெல்லத் தெளியும். பிள்ளைகள் பொறுமையாக இருந்தார்கள், ஒருவரும் எழும்பவில்லை.

இதயத்தின் மேலறைகளான சோணையறைகளைக் கடந்து கீழே இதயவறைக்கு வந்தபோது தூரத்தில் ஹெலி கேட்டது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கேட்டது. ஆசிரியர் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் சேலையை விலக்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் பங்கருக்குள் இறங்கினார்கள். ஹெலி பண்ணைக் கடல் பக்கமாகப் போய்விட்டது. நாங்கள் திரும்பி வந்தபோது வெயில் நகர்ந்து நிலத்தில் விழுந்திருந்தது. மேசைகளை இழுத்துச் சரி பண்ண அண்ணைக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதன் பிறகு பாடம் கடைசிப் படம் வரை போனது.

முடிந்ததும் ஒரு பெண்பிள்ளை எழும்பி என்னிடம் ஏதோ கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. உண்மையில் நான் அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, கூரைத் துவாரத்தில்தான் காது இருந்தது. திரும்பச் சொல்லச் சொன்னேன். இரத்தம் வந்த வழியாலேயே திரும்பிப் போகாதோ என்பது அவள் கேள்வி. வால்வு ஒரு பக்கம்தான் திறக்கும் என்று தொடங்கி, சுவரருகே போய் விரலால் காட்டி விளங்கப்படுத்தினேன். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்து நான் படிப்பித்தது அந்தச் சில நிமிடங்கள்தான்.

மாரி தொடங்கும்வரை ஓட்டுக் கூரை உள்ள பள்ளிக்கூடங்களுக்கு அந்தக் கண்ணாடியோடு போய்வந்தோம். எத்தனை தரம் போனாலும், காலையில் கந்தோரால் வெளிக்கிடும்போது ஒருக்கால் நின்று வானத்துக்குக் காது கொடுக்காமல் போன நாள் ஒன்றுகூட இல்லை.