அக்கா மாற்றி வைத்துக்கொண்டது

ஒரு பெண்ணின் மார்பைப் பற்றிப் பேச ஊர்க்கூட்டம் போட்ட ஊர் எங்கள் ஊர். தோணிரேவைத் தாண்டி, கடலோர ஏரியை ஒட்டி இருக்கும் மீனவர் குப்பம். எண்பதுகளின் நடுவில் நடந்தது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களில் பாதிப் பேருக்கு அவரவர் பெண்டாட்டிக்கு என்ன நோய் என்று தெரியாது. எங்கள் அக்காவின் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நைனா கடலோடு போனபிறகு அக்காவைப் பட்டணத்துக்கு அனுப்பியது அம்மாதான். சினிமாவில் கதாநாயகிக்குப் பின்னால் கும்பலாக ஆடும் பெண்களில் ஒருத்தியாகச் சேர்த்துவிட்டாள். "சொல்லாம ஓடிட்டா" என்று ஊரில் சொன்னதும் அம்மாதான். அங்கே ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்ட் ஒருவன், முன்வரிசையில் நிற்க வேண்டுமென்றால் உடம்பு எடுப்பாக இருக்க வேண்டும் என்று அக்காவை பம்பாய்க்கு அழைத்துப்போய் ஆபரேஷன் செய்ய வைத்தான். இரண்டு பக்கமும் தோலுக்கடியில் ரப்பர் மாதிரி ஒரு சின்னப் பை, அதற்குள்ளே கொழகொழவென்று ஏதோ. அக்கா அதைப் பை என்றுதான் சொல்வாள்.

முதல் தடவை திருவிழாவுக்கு வந்தபோது குழாயடியில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "தொட்டுப் பாக்கட்டா?" என்றாள் ஒருத்தி. அக்கா சிரித்துக்கொண்டே விட்டாள். தொட்டவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அம்மாவோ வந்தவர்களிடம் என்னைக் காட்டி, "பெரியவளுக்குக் காசு குட்த்து வெச்சாங்க. இவளுக்கு முதுகு எது நெஞ்சு எதுன்னே தெரில" என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக அம்மாவை நான் வெறுத்தேன். காரணமே இல்லாமல் அக்காவையும் சேர்த்து வெறுத்தேன்.

சில வருடங்களில் பைகள் இறுகிப்போயின. இடது பக்கம் கல்லாகி மேலே ஏறிக்கொண்டது. கையைத் தூக்கினால் வலி. கை தூக்க முடியாதவளுக்கு முன்வரிசை எதற்கு? பின்வரிசைக்குத் தள்ளினார்கள், பிறகு கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். அக்கா பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வந்தவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. சின்ன வயதிலிருந்தே மாமன் மகனுக்கு அவள்தான் என்று பேச்சு. அவனும் இத்தனை வருடமாக வேறு இடத்தில் பெண் பார்க்க விடாமல் காத்திருந்தான். அவனுக்கு அவள்மேல் ஆசை இருந்தது. அதில் பொய் இல்லை.

ஆனால் ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடலாம் என்பது எங்கள் ஊரில் சீட்டுப் போட்டு முடிவாகும். அதைப் பாடு என்போம். கல்யாணமாகி, ஊர் ஒரு தலைக்கட்டாக, அதாவது தனிக் குடும்பமாக, சேர்த்துக்கொண்ட ஆணுக்குத்தான் பாடு. சேர்க்காவிட்டால் அடுத்தவன் படகில் கூலிக்குப் போக வேண்டியதுதான். அவனுக்கு அக்காவும் வேண்டும், பாடும் வேண்டும். அவளைக் கட்டினால் தலைக்கட்டில் சேர்ப்பீர்களா என்று ஊர்க்கூட்டத்தில் போய்க் கேட்டான்.

"ஒடம்புல ரப்பர வெச்சிக்கினு அம்மனுக்குப் பொங்க வெப்பாளா?" என்றார் ஒருவர்.

"அத்த எட்த்துட்டு வரட்டும். அப்பறம் சேத்துக்கலாம்" என்றார் இன்னொருவர்.

"எட்த்தாளா இல்லியானு நமக்கு எப்டிய்யா தெரியும்?"

நியாயமான கேள்வி என்று எல்லாரும் தலையாட்டினார்கள். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் தொட்டுப் பார்த்துச் சொல்ல இரண்டு கிழவிகளை ஊர் நியமித்தது. கிழவிகளுக்கு வாயெல்லாம் பல். வேறு எந்தக் காரியத்துக்கும் ஊர் அவர்களைக் கூப்பிட்டதில்லை.

அவன் எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னான்: "எட்த்துடு. எனக்கு நீ எப்டி இருந்தாலும் சரி. ஊரு வாய மூடணும் இல்ல?"

"சரி" என்றாள் அக்கா. "அந்தக் கெழவிங்க கை வெக்கறதும் சரியா?"

"ஒரு நிமிசந்தானே."

அக்கா உள்ளே போனாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் துணி மடிக்க ஆரம்பித்தாள்.

எப்படி இருந்தாலும் பழையதை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தாராம். அவள் போன பிறகு அம்மா கல்யாண வேலைகளைத் தொடங்கினாள். தாலிக்குச் சொன்னாள், ரவிக்கை தைக்கக் கொடுத்தாள். தையல் எல்லாம் ஆறி, திருப்பாலைவனம் வழியாக வந்த மத்தியான பஸ்ஸில் அக்கா இறங்கினாள். கிழவிகள் இருவரும் எங்களுக்கு முன்பே அங்கே போய் நின்றிருந்தார்கள்.

தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பழையதைப்போல் இரண்டு மடங்கு. சேலை அதை மறைக்கவில்லை, மறைக்க அவள் முயலவும் இல்லை. காதிலும் கழுத்திலும் இருந்த நகைகளைக் காணோம். இடது கையை நன்றாக மேலே தூக்கி, பஸ்ஸின் கூரையிலிருந்து கண்டக்டர் நீட்டிய பெட்டியை வாங்கினாள்.

"இன்னாடி இது?" என்று அம்மா அலறினாள்.

"ரெண்டு பேரு வந்து கை வெக்கப் போறாங்கன்னு சொன்னாங்களே. கை நெறைய இருக்கட்டும்னு பெருசா வெச்சேன்" என்றாள் அக்கா. கிழவிகளைப் பார்த்து, "வாங்க" என்று கூப்பிட்டாள். ஒருத்தியும் கிட்டே வரவில்லை. எங்களோடு வந்திருந்த மாமன் மகன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் எதைப் பார்த்தான் என்று நான் பார்த்தேன்.

அக்கா எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அம்மா கதவைச் சாத்திவிட்டாள். அதே பஸ் திரும்பும்போது ஏறிப் போனாள். அதன்பிறகு வரவே இல்லை.

சீட்டுப் போடும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, அவனுக்கு ஒரு பெண்டாட்டி வேண்டும். "சின்னவ கீறாளே" என்றாள் அம்மா. என்னை யாரும் கேட்கவில்லை. அக்காவுக்காகத் தைத்த ரவிக்கை எனக்குக் கச்சிதமாக இருந்தது. எடுத்துவிட்டு வந்தால் அவள் எப்படி இருப்பாள் என்று என்னைப் பார்த்துத்தான் அம்மா தையல்காரரிடம் அளவு சொல்லியிருந்தாள்.

கல்யாணமானதும் அவருக்குப் பாடு கிடைத்தது. ஊரில் மரியாதை கிடைத்தது. ஒரு வருடம் போயிருக்கும். மத்தியானம் மடவை மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

"உங்க அக்கா ஒரு டாக்டராண்ட போச்சே, அவரு பேரு இன்னா?"

"எதுக்கு?"

"நீயும் ஒரு நட போய்ட்டு வாயேன். ரொம்ப வாணாம், சின்னதாதான். ஊருக்குத் தெரியவா போவுது?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. இந்த மனிதரை அன்றைக்கே எங்கள் வீட்டு வாசலில் புரிந்துகொண்டு அக்கா பஸ் ஏறிப் போய்விட்டாள். நான் அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றி, பேர் தெரியாது என்றேன்.