வாசல் கிடைக்கட்டும்

எழுபதுகளில், வளைகுடாவில் உம் அல் குவைன் கடற்கரையில், ரோமாபுரிக் காலத்து வீடு ஒன்றை மணலிலிருந்து தோண்டிக்கொண்டிருந்தோம். அந்த அகழாய்வு சைட்டுக்குப் பெரியவர் ஒரு ஈராக்காரர். நெடுநெடுவென்று உயரம், புருவத்தில்கூடப் புழுதி. மணலுக்கு மேலே தெரிந்த கணுக்கால் உயரச் சுவரைக்கூடத் தாண்ட மாட்டார். வெளியிலேயே சுற்றிச் சுற்றி வருவார்.

"தாண்டி வாங்க சார்," என்றேன், தெரிந்த அரைகுறை அரபியில்.

"அடுத்தவன் வீட்டுக்குள்ள சுவரேறிக் குதிக்கச் சொல்றியா? வாசல் கிடைக்கட்டும்."

ஒருநாள் என் கொத்துக்கரண்டியில் வாசற்படிக் கல் தட்டுப்பட்டது. அவர் சட்டையை உதறி, ஆளில்லாத வீட்டைப் பார்த்து உரக்க சலாம் சொல்லிவிட்டு நுழைந்தார். சைட்டே கை தட்டியது. நாங்களும் படியோரம் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே போனோம். சுடுமணலில் கால் பொரிந்தது.

அவர் எங்கள் பாதங்களைப் பார்த்தார். விறுவிறுவென்று வெளியே போய் பூட்ஸைக் கழற்றினார். மறுபடியும் வந்தார், வெறுங்காலோடு, புது மாப்பிள்ளை மாதிரி.