துப்புவதற்கு நல்ல தண்ணீர்

செபமாலையம்மாளைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் எனக்கு வராது. அவள் வாய் அப்படி. ஆனால் அந்த வாய் மட்டும் இல்லையென்றால் எங்கள் லயத்துப் பிள்ளைகள் துருத்தண்ணீரைக் குடித்தே வளர்ந்திருக்கும்.

தேவிகுளத்துக்குக் கீழே இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகள்தான் லயம். ஐம்பத்து நாலாம் வருஷம். அங்கே தண்ணீர் முழுக்க இரும்பு. குடத்தில் பிடிக்கும்போது பளிச்சென்று இருக்கும், கொஞ்ச நேரத்தில் செம்மண் கரைத்த மாதிரி ஆகிவிடும். சோறு பழுப்பு, வேட்டி பழுப்பு. அதில் தேயிலையைப் போட்டால் மை மாதிரிக் கறுக்கும். ஊருக்கெல்லாம் தேயிலை பறித்துக் கொடுக்கிற எங்களுக்கு அந்த மைதான் டீ. நாங்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் கொட்டகையிலும் அதே தண்ணீர்தான். வாயில் வைத்ததுமே பிள்ளைகளுக்குக் குமட்டும். செபமாலையின் மகள் ஞானஜோதி, இரண்டு வயது, தண்ணீர்க் குவளையைக் கண்டாலே அழும்.

செபமாலைக்கு ஃபாக்டரியில் வேலை. ஃபாக்டரியை நடத்தும் டீமேக்கர் பொன்ராஜ் தேயிலையைச் சுவைத்துத் தரம் பார்க்கும் அறையில் வெந்நீர் போட்டுக் கோப்பை கழுவ வேண்டும். கோப்பையில் டீ கறுத்தால் தரம் பார்க்க முடியுமா? கம்பெனி பதறிப்போய்விட்டது. கப்பலில் ஒரு வடிதொட்டி வந்து இறங்கியது. உள்ளே சியோலைட் என்று ஒரு பச்சை மணல். கிணற்றில் போடுகிற ஊதா மருந்தில் அதை ஊறவைத்துத் தொட்டியில் நிரப்பினால், தண்ணீரில் உள்ள இரும்பை அப்படியே பிடித்து நிறுத்திவிடும். கீழே வருவது கண்ணாடித் தண்ணீர். நாள்பட்டு மணல் சோர்ந்துபோனால் அலசி, மறுபடி மருந்தில் ஊறவைப்பார்கள். அலசிய துருநீர் எங்கே போனது? நாங்கள் குடிக்கிற ஓடைக்குத்தான், வேறெங்கே போகும்!

"அய்யா, கொட்டகைக்கு ஒரு குழாய் இழுத்து விடுங்க. பிள்ளைக குடிக்கட்டும்" என்று செபமாலை கேட்டாள்.

"இது டேஸ்டிங்குக்கு வந்த தண்ணி. உங்க லயத்துக்கில்ல" என்றார் பொன்ராஜ்.

டேஸ்டிங் என்றால் என்ன தெரியுமா? கரண்டியில் எடுத்து உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, தொட்டியில் துப்பிவிடுவது. துப்புவதற்கு நல்ல தண்ணீர், விழுங்குவதற்குத் துரு.

கம்பெனியின் பெரிய துரை கொச்சியிலிருந்து சரக்கைப் பார்க்க வந்தார். அன்று செபமாலை ஓடைத் தண்ணீரைக் கொதிக்கவைத்து எல்லாக் கோப்பையிலும் ஊற்றினாள். வரிசை முழுக்கக் கறுத்துப்போயிற்று. துரை ஒரு வாய் உறிஞ்சி, முகத்தைச் சுளித்துத் துப்பினார். பொன்ராஜ் ஓடிவந்து தேயிலையைக் கிளறிப் பார்த்தார்.

"தேயிலைக்கு ஒரு கேடும் இல்ல தொரை. இது எங்க தண்ணி" என்றாள் செபமாலை. "நீங்க துப்பிட்டீக. எங்க பிள்ளைக முழுங்குதுக."

அன்று சாயங்காலமே வேலை போயிற்று, வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். மறுநாள் எங்களில் ஒருத்தியும் கூடையைத் தொடவில்லை. மலை முழுக்கக் கொழுந்து முற்றத் தொடங்கியதும் பொன்ராஜ் லயத்துக்கே வந்தார்.

"குழாய் போட்டுத் தாறோம். ஆனா செபமாலை தோட்டத்துல இருக்கக் கூடாது."

நாங்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவள் வாசலில் போய் நின்றோம். அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னடி முழிக்கிறீக? வெக்கங்கெட்ட கழுதைகளா! போயி குழாயை வாங்குங்கடி, அவன் மனசு மாறுறதுக்குள்ள!"

ஞானஜோதியை இடுப்பில் தூக்கிக்கொண்டு சாந்தன்பாறைக்கு ஏலக்காய் வேலைக்குப் போய்விட்டாள்.

குழாய் திறந்த அன்று பங்குச்சாமியார் ஜெபம் சொல்லி, அவள் தியாகத்தைப் புகழ்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தியாகமாவது, மண்ணாவது! பிள்ளைக்குத் தண்ணீர் கேட்டவளை அந்தப் பிள்ளையோடு சேர்த்துத் துரத்திவிட்டார்கள். அந்தக் குழாயில் ஞானஜோதி ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.