சிறுவயது முதலே தெரியும்

கடிதத்தின் முதல் வரியை எழுதி முடித்த பிறகுதான் பத்துமலை எதிரில் இருப்பவரின் பெயரைக் கேட்பார். "இவரைச் சிறுவயது முதலே நன்கு அறிவேன்" என்னும் அந்த வரிக்குப் பெயர் தேவைப்படுவதில்லை.

ஆயர் தாவார் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்ததும் ஈப்போவில் ஜெலாப்பாங் அடுக்குமாடிக்குக் குடிவந்து, அங்கே குடியிருப்போர் சங்கத் தலைவரானார். சனிக்கிழமைகளில் ஜுபைரின் சாப்பாட்டுக் கடையில், கை கழுவும் தொட்டியை ஒட்டிய மேசையில் அமர்ந்து, வேலைக்கும் வீட்டுக்கும் மனுப்போடுகிறவர்களுக்கு ஆதரவுக் கடிதம் எழுதிக் கொடுப்பார். ஊரில் ஒருவரையும் நம்பமாட்டார். தன் குடையைக்கூட நாற்காலிக் காலில் கட்டி வைப்பார். எழுத்தில் மட்டும் எல்லோரும் யோக்கியர்கள். ஊதா மையில் சங்க முத்திரையைக் குத்தும்போது உதட்டைக் கடித்துக்கொள்வார்.

"ஊரு பூராத்தையும் சின்ன வயசுலேர்ந்து தெரியும்னா, உங்களுக்கு நூத்தம்பது வயசு இருக்கும்லா, அண்ணே" என்பார் ஜுபைர்.

"எவன் தம்பி படிக்கிறான்? சங்கத்துச் சாப்பு குத்தியிருக்கான்னுதான் பார்ப்பான்."

உண்மைதான். பல ஆண்டுகளாக யாரும் படிக்கவில்லை. சென்ற மாதம் ஓர் அதிகாரி படித்துவிட்டார்.

தவராசா முல்லைத்தீவுக்காரர், நான்கு ஆண்டுகளாக ஜெலாப்பாங்கில் வீடுகளுக்குச் சாயம் அடிக்கிறார். அவருடைய அகதி விண்ணப்பம் ஓரிடத்தில் சிக்கி நிற்கிறது. போர்க்காலத்தில் அவர் இருந்த முகாமில் கைதிகள் கொல்லப்பட்டிருக்கிறார்கள்; அதில் அவருக்கும் பங்கு உண்டோ என்று சந்தேகம். அஞ்சி ஓடிவந்தவருக்கு அடைக்கலம் உண்டு; பிறரை அஞ்சி ஓடவைத்தவருக்கு இல்லை என்பது உலக விதி. அப்படிச் சந்தேகத்துக்கு உள்ளானவர்களைச் சில நாடுகள் நீதிமன்றத்தில் நிறுத்தும். சில திருப்பி அனுப்பும். சில, அனுப்பவும் மனமின்றி ஏற்கவும் மனமின்றி ஆண்டுக்கணக்கில் கோப்பைப் புரட்டும். பத்துமலையிடம் எல்லோருக்கும் ஒரே கடிதம்தான். தவராசாவுக்கும் அதையே கொடுத்திருந்தார்.

அந்த விண்ணப்பத்தை விசாரிக்கும் அதிகாரி, பத்துமலை கடையில் இருக்கும்போதே, கோலாலம்பூரிலிருந்து, மொழிபெயர்ப்பாளரோடு, தொலைபேசியில் அழைத்தார். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார். தவராசாவைச் சிறுவயது முதலே அறிந்தவர் என்றால் ஐயாவும் அந்தக் காலத்தில் அங்கேதான் இருந்திருப்பீர்கள். முகாமுக்குப் பொறுப்பாளர் யார், காவலுக்கு நின்றவர்கள் யார் யார் என்று சொல்ல முடியுமா?

"ஐயோ, நான் கடலப் பார்த்ததே இங்க பாகான் டத்தோவுலதான்லா!" என்று அலறினார், போர்க்குற்றத்துக்குக் கிடைத்த ஒரே சாட்சி.

"அண்ணே, இப்ப உங்களுக்கே ஒரு ஆதரவுக் கடிதம் வேணும்போல" என்றார் ஜுபைர். கடையே சிரித்தது.

அடுத்த சனிக்கிழமை வந்த தவராசா சிரிக்கவில்லை. "ஒண்டு பொய்யெண்டா மிச்சமும் பொய்யெண்டுதான் நினைப்பினம், அண்ணை. திருப்பி அனுப்பினாலும் அனுப்புவினம்."

பத்துமலை புதுத் தாள் ஒன்றை எடுத்தார். அன்றைக்கு முதல் வரி வர அரைமணி நேரம் ஆயிற்று. "இவரை நான்கு ஆண்டுகளாகத்தான் தெரியும். என் வீட்டுக்குச் சாயம் அடித்தார். அலமாரிக்குப் பின்னால் இருந்த சுவரையும் விடவில்லை. அதற்கு முன் என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியாது. முந்தைய கடிதத்தில் நான் எழுதியது பொய்."

தவராசா மெதுவாகப் படித்தார். 'தெரியாது' என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே, அண்ணை."

"நான் யாரத்தான் கேட்டேன்?" பத்துமலை பேனாவை மூடினார். "சரி, இப்பக் கேக்குறேன். அந்த முகாம்ல நீ என்ன செஞ்ச?"

தவராசா தாளை மேசையில் வைத்தார். ஜுபைர் குவளைகளை அடுக்குவதை விட்டுவிட்டு நின்றார்.

வெளியே ஈப்போவின் நடுப்பகல் வெயில் தகரக் கூரையை வறுத்துக்கொண்டிருந்தது. பத்துமலை எழுந்து சுவரருகே போய், தலைக்கு மேல் பேச்சு கேட்காதபடி கடகடத்த மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.