செத்த தண்ணீர்

பாத்திரம் கழுவும்போது குழாய்த் தண்ணீர் கரண்டிக் குழியில் விழுந்து, சட்டென்று வளைந்து திரும்பி முகத்தில் தெறிக்கும். அந்தக் குளிர்ச்சி பட்டதும் நான் இன்னமும் குழாயை மூடிவிடுகிறேன்.

கோவில்பட்டியிலிருந்து கடம்பூர் போகும் வழியில், கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் ஓர் ஊர் எங்களுடையது. அப்பாவுக்கு மலையில், நீர்மின் நிலையத்தில் வேலை. மாதம் ஒருமுறை வருவார். ஒரு கோடை விடுமுறையில் எனக்கும் தங்கை மல்லிகாவுக்கும் விளையாட, அங்கே ஓடும் நீர்ச்சக்கரம் போலவே ஒன்று செய்து தந்தார். பழைய சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிலும் எவர்சில்வர் கரண்டிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டினார். ஜோடிக்கு நடுவே கூராக நின்ற விளிம்புக்கு 'வரப்பு' என்று பேர் வைத்தார். மாடி டிரம்மிலிருந்து இறங்கிய ரப்பர் குழாயின் வாயில் பேனாவின் கூம்பு முனையைச் செருகி, பீச்சும் நீரைக் கூட்டிக் குறைக்க உள்ளே ஒரு குடைக்கம்பியை வைத்தார். தெறிக்காமலிருக்க மேலே ஒரு தகர மூடி. உயரத்திலிருந்து வரும் நீர் அந்தச் சின்ன வாயில் வேகமெடுத்து, வரப்பில் மோதி இரண்டாகப் பிளந்து, கரண்டிக் குழிகளில் வளைந்து திரும்பி, வேகத்தையெல்லாம் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டுச் சொத்தென்று கீழே குடத்தில் விழும்.

"அடிச்ச தண்ணி செத்து விழணும்லா, அப்பதாம்ட்டி நல்ல சக்கரம்" என்றார் அப்பா.

அம்மா பதறிப்போனாள். "செத்த தண்ணின்னுட்டீய. இனிம அத வீட்டுக்குள்ள கொண்டாராதீய. அங்கன மூலையில கெடக்கட்டும், சாமான் வெளக்கிக்கிடுதேன்."

அப்பா வேலைக்குத் திரும்பிய வாரத்தில் தண்ணீர் லாரி வரவில்லை. மல்லிகா காய்ச்சலில் கிடந்தாள். அம்மா குடத்தோடு தொலைவிலிருந்த கிணற்றுக்குப் போயிருந்தாள். மாடி டிரம்மிலும் வீட்டுப் பானையிலும் சொட்டு நீரில்லை. "எக்கா, தண்ணி" என்று மல்லிகா மூன்று தரம் கேட்டாள். மூலைக் குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தேன். மடக் மடக்கென்று குடித்தாள். மூன்றாம் நாள் இறந்துபோனாள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். நான் நம்பவில்லை.

அதன்பிறகு சக்கரத்தை யாரும் ஓட்டவில்லை. ஆனால் காற்றடித்தால் அது தானாகச் சுற்றும். கட்டுத் தளர்ந்த ஒரு கரண்டி தகரத்தில் டக் டக்கென்று தட்டும். மல்லிகா டம்ளரைத் தட்டித் தண்ணீர் கேட்கிறாள் என்று காதைப் பொத்திக்கொள்வேன். சக்கரத்தில் நீர் இழப்பது வேகத்தை மட்டும்தான் என்று பின்னாளில் பாடத்தில் படித்தேன். படித்தும் அந்தப் பயம் போகவில்லை.

இப்போது சக்கரமும் இல்லை, மாடி டிரம்மும் இல்லை, அப்பாவும் இல்லை. குடமிருந்த மூலையில் குழாய் வந்துவிட்டது. போன மாதம் அங்கே நின்றுதான், முப்பது வருடம் கழித்து, அம்மாவிடம் அந்த டம்ளரைப் பற்றிச் சொன்னேன்.

"தெரியுமே. டம்ளரு அந்தக் கொடத்து மேலதான இருந்துச்சு" என்றாள் அம்மா. "பிள்ளையப் பொதைச்ச அன்னைக்கு மிச்சத் தண்ணிய நாந்தாம்ட்டி குடிச்சேன், நானும் போயிரணும்னு. ஒரு தலவலிகூட வரல. தண்ணி மேல பழியில்லன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியேட்டி."